இரண்டும் லினக்ஸ்தானே

ஸ்ரீவில்லிபுத்தூர்
18-1-99

உங்களுக்கு வஞ்சுளா நமஸ்காரம் செய்து எழுதுவது.

இங்கே நான் சௌக்கியம். திருச்சி ஹாஸ்டலில் குழந்தை கமலா சௌக்கியம். காலேஜ் லேபில் எட்டு மெஷின்களும் சௌக்கியமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ராஜபாளையத்தில் இருக்கிற புருஷனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பெண்டாட்டி தபாலில் எழுதுவது வேடிக்கைதான். அரைமணிக்கு ஒரு பஸ் இருக்கிறது. ஆனால் மில் ஆபீசுக்குப் போன் செய்தால் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் முழுவதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறது. தவிர, போனில் பேசினால் சண்டை உடனே வந்துவிடுகிறது. எழுதினால் நாலு நாள் கழித்து வருகிறது. அந்த நாலு நாள் எனக்கு வேண்டும்.

பொங்கல் லீவில் இரண்டு மெஷினை மட்டும் பாருங்கள் என்று லேப் சாவியைக் கொடுத்தேன். நீங்கள் எட்டையும் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டீர்கள். பிள்ளைகள் எழுதி வைத்திருந்த புரோகிராம்கள் எல்லாம் போயின. கேட்டதற்கு, பழசு உருப்படாதது, இதுதான் நல்லது, காசும் கிடையாது என்றீர்கள். நான், "இது உங்கள் மில் இல்லை" என்றேன். டெமான்ஸ்டிரேட்டர் சீனியம்மாள் எதிரில் அதைச் சொன்னதுதான் உங்களுக்குக் குறை. மறுநாள் இரண்டாயிரமாவது வருஷத்துக்கு மில் கம்ப்யூட்டரைத் தயார் செய்ய வேண்டும் என்று சொல்லிப் பெட்டியோடு மில் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டீர்கள்.

அது இருக்கட்டும். ஏப்ரலில் முதல் பேட்சுக்குப் பிராக்டிகல். யுனிவர்சிட்டியிலிருந்து எக்ஸாமினர் வருவார். எட்டு மெஷினும் ஓடாவிட்டால் இருபத்திரண்டு பெண்களும் மதுரைக்குப் போய் எழுத வேண்டும், அடுத்த வருஷம் கோர்ஸே இல்லை என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். பாதிப் பேர் வத்திராயிருப்புப் பக்கத்துப் பெண்கள். மதுரைக்குப் போ என்றால் வீட்டில் நிறுத்திவிடுவார்கள்.

கருப்புத் திரையில் ஒரு கோடு மின்னிக்கொண்டிருக்கிறது. அடுத்து என்ன செய்வது என்று எழுதவும். பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். தனியாக அனுப்பியிருக்கிறேன்.

வஞ்சுளா


ராஜபாளையம்
23-1-99

சௌ. வஞ்சுளாவுக்கு ஆசீர்வாதம்.

இங்கு க்ஷேமம். மாத்திரை வந்தது.

நீ கேட்டதற்குப் பதில். லினக்ஸ் என்பது உள்ளே இருக்கிற எஞ்சின் மட்டும். அதைச் சுற்றி மற்றதையெல்லாம் சேர்த்துக் கட்டிக் கொடுப்பவர்கள் பல பேர். யார் வேண்டுமானாலும் கட்டலாம், தடை கிடையாது. நான் போட்டிருப்பது ஸ்லாக்வேர் என்ற கட்டு. அதில் எதுவும் ஒளிந்திருக்காது. மெஷின் எழும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்பது சில கோப்புகளில் சாதாரண எழுத்தில் இருக்கிறது. நெட்வொர்க்குக்கு ஆர்சி ஐநெட்-ஒன் என்ற கோப்பு. அதைத் திற. படி. எண்களைத் திருத்து. மூடு. அவ்வளவுதான்.

நீ எம்.எஸ்ஸி. கணக்கில் முதல் வகுப்பு. இதற்கு நான் எதற்கு?

ஹயக்ரீவன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
2-2-99

நமஸ்காரம். இங்கே யாவரும் நலம். தாங்கள் நலமா என்று கேட்டால் க்ஷேமம் என்று ஒரு வார்த்தையில் வரும் என்பதால் கேட்கவில்லை.

திறந்தேன், படித்தேன், திருத்தினேன், மூடினேன். மூன்று மெஷின் எழுந்தது. பிரிண்டர் ஒரு பக்கத்தைப் படிக்கட்டு மாதிரி சாய்த்து அடிக்கிறது. மவுஸ் ஒரு மெஷினில் மட்டும் வேலை செய்கிறது, அதற்கும் காரணம் தெரியவில்லை. சாயந்திரம் ஆறு மணி வரை நானும் சீனியம்மாளும் லேபில் இருக்கிறோம். அவள் கான்சாபுரம் போக வேண்டியவள். நேற்றுச் சொன்னாள்: "மேடம், சார் போட்டுட்டுப் போனது அவியளுக்கு மட்டும்தான் தெரியும். அவிய வார வரைக்கும் பிள்ளைய கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கவா?" என்னிடமே அந்தக் கேள்வி நிறைய நாளாக இருக்கிறது.

நம் வீட்டில் ஃபியூஸ் பெட்டி எங்கே, தண்ணீர் வால்வு எந்தப் பக்கம் திறக்கும், இன்ஷூரன்ஸ் காகிதம் எந்தப் பீரோவில் என்று எதுவும் ஒளித்து வைக்கப்பட்டதில்லை. எல்லாம் பார்த்தால் தெரியும் இடத்தில்தான். உங்களுக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வந்து பார்த்துவிட்டுப் போகலாமே. வீட்டுக்கு வர வேண்டாம். லேபுக்கு.

வஞ்சுளா


ராஜபாளையம்
9-2-99

ஆசீர்வாதம்.

ஞாயிறும் வேலை இருக்கிறது. வர இயலாது.

புதிதாக எதையாவது போட வேண்டுமென்றால்: ஸ்லாக்வேரில் ஒரு சாஃப்ட்வேர் என்பது கட்டின மூட்டை, அவ்வளவுதான். அவிழ்த்து உரிய இடத்தில் வைத்தால் தீர்ந்தது. வேறு சில கட்டுகள் உண்டு. அதில் ஒன்றைப் போடப் போனால், அதற்கு முன் இன்னொன்று இருக்கிறதா, அது எந்தத் தேதியது என்று விசாரணை நடக்கும். இல்லையென்றால் போட விடாது. எனக்கு அது பிடிக்காது. மெஷின் மனிதனைக் கேள்வி கேட்கக் கூடாது.

மவுஸுக்கு இத்துடன் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். கமலாவுக்குப் பரீட்சை எப்போது?

ஹயக்ரீவன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
1-3-99

உங்களுக்கு அநேக நமஸ்காரம். உடம்பு எப்படி இருக்கிறது? குவார்ட்டர்ஸ் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? கமலாவுக்கு ஏப்ரல் இருபதாம் தேதி பரீட்சை ஆரம்பம். நன்றாகப் படிக்கிறாள்.

பதில் எழுத மூன்று வாரமாகிவிட்டது. லேபில் வேலை. எல்லாம் சரியாக இருக்கிறது, கவலை வேண்டாம். பிள்ளைகள் மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டார்கள். பிரிண்டரும் நேராக அடிக்கிறது.

ஒரே ஒரு சின்னச் சந்தேகம். நாலாவது மெஷினும் ஏழாவது மெஷினும் நெட்வொர்க்கில் நிற்க மாட்டேன் என்கின்றன. நீங்கள் எழுதிய ஆர்சி ஐநெட்-ஒன் கோப்பைத் தேடினேன், அந்தப் பெயரில் எதுவும் இல்லை. சிஸ்கான்ஃபிக் என்ற டைரக்டரிக்குள் எண்கள் இருக்கின்றன. அங்கே திருத்தலாமா? இன்னொன்று. நேற்று ஒரு எடிட்டர் போட முயன்றோம். அதற்கு முன் வேறு ஏதோ வேண்டும் என்று சொல்லி நின்றுவிட்டது. என்ன செய்யலாம்?

பதில் எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்
வஞ்சுளா


ராஜபாளையம்
5-3-99

வஞ்சுளாவுக்கு.

நான் போட்ட மெஷினில் சிஸ்கான்ஃபிக் கிடையாது. நான் போட்ட மெஷின் எதையும் கேட்டுக்கொண்டு நிற்காது. நீ சொல்கிற அடையாளமெல்லாம் ரெட் ஹாட் என்ற கட்டுக்கு உரியவை.

ஒரே பஞ்சுதான். ஆனால் எங்கள் மில் நூலையும் அடுத்த மில் நூலையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டு, எது எங்களுடையது என்று நான் சொல்லிவிடுவேன். முறுக்கு வேறு, கவுண்ட் வேறு. என்னிடம் மறைக்க முடியாது.

யார் போட்டது?

ஹயக்ரீவன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
8-3-99

நமஸ்காரம். சௌக்கியம் விசாரிக்கிற நிலையில் நீங்களும் இல்லை, நானும் இல்லை.

சீனியம்மாள் போட்டாள். நான் போடச் சொன்னேன். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக ஒரு சிடி வந்தது. சிடி டிரைவ் உள்ள மெஷின் ஒன்றுதான் இருக்கிறது. அந்த டிரைவைக் கழற்றிக் கழற்றி எட்டிலும் மாட்டினோம். அது மரியாதையாகக் கேள்வி கேட்டது: எந்த பாஷை, எந்த கீபோர்டு, எந்தக் கார்டு. கேட்டது, நாங்கள் பதில் சொன்னோம், போட்டுக்கொண்டது. இரண்டு மாதமாக என்னை யாரும் அத்தனை கேள்வி கேட்டதில்லை. எனக்கு நன்றாகத்தான் இருந்தது. இந்தத் தடவை பிள்ளைகள் எழுதியதையெல்லாம் முதலில் ஃபிளாப்பியில் எடுத்து வைத்துக்கொண்டோம். அதையும் எழுதிவிடுகிறேன்.

என் முட்டாள்தனம் ஒன்று உண்டு. இரண்டும் லினக்ஸ்தானே என்று நினைத்துவிட்டேன். மேலே பெயர் ஒன்றானால் உள்ளே அலமாரியும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பி, அந்த மெஷினின் சந்தேகத்தை உங்களிடமே கேட்டேன். இத்தனை வருஷம் இந்தக் குடும்பத்தில் இருந்துவிட்டு அப்படி நினைத்திருக்கக் கூடாது. நம் கல்யாணம் பேச வந்தபோது என் அப்பா, "வடகலையானால் என்ன, தென்கலையானால் என்ன, பெருமாள் ஒருவர்தானே" என்றார். உங்கள் பெரியப்பா, "பெருமாள் ஒருவர்தான். நாமத்துக்குப் பாதம் உண்டா, இல்லையா?" என்றார். அதைச் சொல்லிச் சொல்லி நாம் சிரித்திருக்கிறோம். இப்போது நீங்களே அந்தப் பெரியப்பா.

யார் போட்டது என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஏன் போட்டாய் என்று கேட்கவில்லை. பொங்கலன்று நீங்கள் என்னைக் கேட்டுவிட்டா போட்டீர்கள்? கேட்காமல் செய்வது எப்படி என்று எனக்கு வேறு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை.

நாலாவதும் ஏழாவதும் இன்னும் நிற்கவில்லை. பதில் எழுதுவதும் எழுதாததும் உங்கள் இஷ்டம்.

வஞ்சுளா


ஸ்ரீவில்லிபுத்தூர்
2-4-99

நமஸ்காரம். இங்கே சௌக்கியம்.

மூன்று வாரமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. நேற்று முன்தினம் ஆண்டாள் திருக்கல்யாணத்துக்கு ஊர் முழுக்க வந்திருந்தது. ராஜபாளையத்திலிருந்து உங்கள் மில் மானேஜரே குடும்பத்தோடு வந்திருந்தார். "சார் வரலியா?" என்று என்னைக் கேட்டார். நீங்கள் அவர் கொடுத்த வேலையால்தான் வரவில்லை என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரிடம் அதைச் சொல்ல முடியவில்லை. பிரசாதம் வாங்க நகர்ந்துவிட்டேன்.

பிராக்டிகல் ஏப்ரல் பன்னிரண்டு. ஆறு மெஷின் தயார். எட்டு இல்லாவிட்டால் நடத்த விடமாட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. தெரிவிக்கிறேன்.

வஞ்சுளா


ராஜபாளையம்
5-4-99

சௌ. வஞ்சுளாவுக்கு ஆசீர்வாதம். நான் சௌக்கியம். மாத்திரை தவறாமல் போட்டுக்கொள்கிறேன்.

நாலாவது மெஷின் எழுந்தால் ஏழாவது விழுகிறதா? ஏழாவதை அணைத்தால் நாலாவது பிழைக்கிறதா? அப்படியானால் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு வீட்டுக்கு ஒரே கதவெண் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? சிஸ்கான்ஃபிக் டைரக்டரிக்குள் நெட்வொர்க்-ஸ்கிரிப்ட்ஸ், அதற்குள் ஈத்-ஜீரோ என்று முடிகிற கோப்பு. கடைசி எண்ணை மட்டும் மாற்று. எடிட்டர் போடும்போது அது கேட்கிற இன்னொன்று அந்த சிடியிலேயே ஆர்பிஎம்ஸ் என்ற டைரக்டரியில் இருக்கிறது. முதலில் அதைப் போடு. கேட்பதில் தப்பில்லை. எது எதைச் சார்ந்திருக்கிறது என்று அதற்கு ஞாபகம் இருக்கிறது.

அந்த சிடி பஞ்சு மார்க்கெட் பக்கத்துக் கடையிலும் கிடைக்கிறது.

யோசித்துப் பார்த்தேன். கோப்பு எங்கே இருக்கிறது என்பது பெரிய வித்தியாசம் இல்லை. யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். ஸ்லாக்வேர் ஒரே ஒருவர் தீர்மானித்துக் கட்டுவது. ரெட் ஹாட் ஒரு கம்பெனி கட்டுவது. டெபியன் என்று ஒன்று இருக்கிறது. அது பல தேசத்தில் இருக்கிற நூற்றுக்கணக்கானவர்கள் சம்பளமில்லாமல், ஒருவருக்கொருவர் எழுதி, வாதாடி, ஓட்டுப் போட்டுக் கட்டுவது. சொன்ன தேதியில் வராது. நான் எப்போதும் முதல் வகையைத்தான் விரும்பினேன். ஒருவர் தீர்மானித்தால் சீராக இருக்கும் என்று.

பன்னிரண்டாம் தேதி நன்றாக நடக்கட்டும்.

ஹயக்ரீவன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
14-4-99

நமஸ்காரம். வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி ஒருத்திக்காகச் செய்தேன். வேப்பம்பூ அதிகமாகிவிட்டது.

பிராக்டிகல் நடந்தது. நடக்காமல் போயிருக்கும். எக்ஸாமினர் மதுரைக்காரர், ராஜரத்தினம் என்று பெயர். கேள்வித்தாளோடு ஒரு ஃபிளாப்பியும் கொண்டுவந்தார். இரண்டு கேள்விக்கு அதில் இருக்கிற லைப்ரரி, அதாவது முன்பே எழுதி வைத்த புரோகிராம்கள், எல்லா மெஷினிலும் இருக்க வேண்டுமாம். அதை அவர்கள் ஸ்லாக்வேருக்காகக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் மெஷின் இது என் ஜாதியில்லை என்று தள்ளிவிட்டது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உங்க செட்டப் வேற மாதிரி இருக்கு மேடம். பொண்ணுங்களை மதுரைக்கு அனுப்பிடுங்க, வேற தேதி போடலாம்" என்றார். பின்வரிசையில் ஒரு பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். கான்சாபுரத்துப் பெண். அவளுக்கு வேறு தேதி என்று ஒன்று கிடையாது.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. உங்கள் மேல், சிடி மேல், உலகத்தில் ஒரே சாமானை இத்தனை விதமாகக் கட்டுகிற அத்தனை பேர் மேலும். அந்தக் கோபத்திலேயே, "சார், இது வெறும் மூட்டை. அரைமணி கொடுங்கள்" என்றேன். ஒரு மெஷினில் மூட்டையை அவிழ்த்தேன். எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும் என்று பார்த்து, நானும் சீனியம்மாளும் கையால் எட்டிலும் கொண்டுபோய் வைத்தோம். யாரையும் எதையும் கேட்காமல், நீங்கள் செய்வது மாதிரி. ஓடியது. இருபத்திரண்டு பேரும் முடித்தார்கள். கோர்ஸ் தொடரும் என்று பிரின்சிபால் கையைப் பிடித்துச் சொன்னார்.

மத்தியானம் வெளியே வந்தால் வாட்ச்மேன் வேல்சாமி, "சார் காலையிலேர்ந்து வாசல் கேட் பக்கத்துல உக்காந்திருந்தாக மேடம். உள்ள போங்கன்னேன். கூப்பிடட்டும்னாக. பிள்ளைய சிரிச்சுகிட்டு வெளிய வரவும் எந்திரிச்சு பஸ்ஸுக்குப் போயிட்டாக" என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வந்தது தெரியாமல் வந்து, போவது தெரியாமல் போவது. கூப்பிடட்டும் என்றால் நீங்கள் வாசலில் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? உள்ளே அந்த ஆள் கடிகாரத்தைப் பார்த்தபோது நான் யாரை நினைத்தேன் என்று இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன்.

நீங்கள் ஸ்லாக்வேர் போட்டதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது தெரிந்திருந்ததால்தான் அன்று தப்பித்தோம். போடலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கல்யாணமானதிலிருந்து நான் சொல்ல வருவது அது ஒன்றுதான். செய்யாதீர்கள் என்று நான் எதற்குமே சொன்னதில்லை. கேளுங்கள்.

வஞ்சுளா


ராஜபாளையம்
19-4-99
(தபால் கார்டு)

ஆசீர்வாதம். சௌக்கியம்.

கேட்கச் சொன்னாய். கேட்கிறேன். வரும் ஞாயிறு அங்கு வரலாமா? வந்தால் சாப்பிடலாமா? சாப்பிட்டபின் இருக்கலாமா? திங்கள் காலை மில்லுக்குப் போய், மாலை பஸ்ஸில் மறுபடி அங்கேயே வரலாமா? பெட்டியைக் கொண்டுவரலாமா? வீட்டுக் கம்ப்யூட்டரில் டெபியன் போடலாமா?

ஹயக்ரீவன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
21-4-99

நமஸ்காரம்.

கவர் வாங்க ராஜபாளையத்தில் போஸ்ட் ஆபீஸ் இல்லையா? இதைக் கார்டிலா எழுதுவார்கள்? போஸ்ட்மேன் சமுத்திரம் கார்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கொடுக்கவில்லை. "சார வரச் சொல்லிருங்கம்மா. பாவம், எம்புட்டுக் கேள்வி கேட்டிருக்காக" என்கிறார். எதிர்வீட்டு ஸாவித்ரி மாமி வாசலில் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள், வாளி காலியான பிறகும் தெளித்துக்கொண்டிருந்தாள்.

உங்களுக்கு எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்பதே தெரியவில்லை. மெஷினைத் துடைக்குமுன் கேட்க வேண்டும். சொந்த வீட்டில் சாப்பிடலாமா என்று கேட்பவரை என்ன செய்வது? முதல் ஐந்து கேள்விக்கும் நான் பதில் எழுதப் போவதில்லை. எழுதினால் அதையும் சமுத்திரம் படிப்பார். இது கவர், இருந்தாலும்.

ஆறாவது கேள்விக்குப் பதில்: கூடாது. அதில் என் கேள்வித்தாள்கள் இருக்கின்றன. அப்படியே போட வேண்டுமென்றால் எதற்கு, என்ன லாபம், எது போகும், எது நிற்கும் என்று எதிரில் உட்கார்ந்து எனக்குச் சொல்ல வேண்டும். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் மறுபடி சொல்ல வேண்டும். நாள் ஆகும்.

மாத்திரை இங்கேயும் ஒரு அட்டை வாங்கி வைத்திருக்கிறேன்.

வஞ்சுளா